லேபர் என்றொரு சொல்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த திருச்சி ஆஸ்பத்திரியில், அதே பிரசவ வார்டில், இப்போது நர்ஸாக இருக்கிற பெண்.

“மேடம், நம்ம வார்டு வாசல்ல லேபர் வார்டுன்னு ஒரு போர்டு இருந்துச்சே, அதை எடுத்துட்டாங்க. ‘பர்த்திங் சூட்’னு புதுசா மாட்டியிருக்காங்க. பாக்க ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கு” என்று சிரித்தாள். பிறகு, “ஒண்ணு கேக்கணும் மேடம். புதுசா வாட்ச்மேன் வேலைக்கு வந்தா, லேபர்னா என்ன அர்த்தம்னு கேட்டுட்டுத்தான் கேட்ல நிக்க விடுவீங்களாமே, நிஜமா?” என்றாள்.

நிஜம்தான். ஆனால் ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை. இன்னொரு நாள் பேசலாம்மா என்று வைத்துவிட்டேன். எழுதுவதென்றால் நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எழுதலாம். அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

எங்கள் வீட்டில் லேபர் என்றால் அத்தாதான், எங்கள் அப்பா. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவர். லேபர் வந்தாச்சா, லேபர் பத்தலை, இன்னிக்கு லேபர் ஸ்ட்ரைக்கு என்று அவரைப் பற்றியும் அவருடைய ஆட்களைப் பற்றியும் மண்டிக்காரர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். தையல்கடையில் துணி தனி, லேபர் தனி என்பார்கள். அங்கே அது கூலி. ஸ்கூலில் டீச்சர் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது எழுந்து நின்று “லேபர் டீச்சர்” என்றேன். எனக்கு அது இங்கிலீஷ் வார்த்தை என்றே வெகுநாள் தெரியாது.

நர்சிங் படிக்கப் போன இடத்தில் புத்தகத்தில் அதே வார்த்தை இருந்தது. லேபர், முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். பிள்ளை பெறுகிற வலிக்கும் இதே பேர்தானா என்று திகைத்துப்போய், லீவில் வீட்டுக்கு வந்ததும் அத்தாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“பொம்பளைங்களும் லேபரா? அவங்களுக்கு யூனியன் இருக்கா?” என்று கேட்டார்.

அம்மா உருதுவில் ஏதோ திட்டினாள். அம்மா உருது பேசுகிற வீட்டுப் பெண், அத்தா தமிழ். நாங்கள் அத்தாவிடம் தமிழிலும் அம்மாவிடம் உருதுவிலும் பேசி வளர்ந்தோம். அந்த உருது என்னை ஒருநாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

படிப்பு முடிந்து, இரண்டு சின்ன ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டு, இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிரசவ வார்டுக்கு ரங்கநாயகி சிஸ்டர் தலைமை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. நாங்கள் எல்லோரும் கேண்டீன் சாம்பாரோடு மல்லுக்கட்டும்போது அவர் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். ஆனால் இரத்தமும் மலமும் மூத்திரமும் கலந்து கிடக்கிற மேஜையைத் துடைக்க ஆயாவுக்காகக் காத்திருக்க மாட்டார். தானே துடைப்பார்.

பிரசவ வார்டுகளில் கத்துகிற பெண்களைத் திட்டுவது அப்போது வழக்கமாக இருந்தது. “பெத்துக்கும்போது தெரியலையா” என்கிற மாதிரி, எழுத முடியாத பேச்செல்லாம் பேசுவார்கள். ரங்கநாயகி சிஸ்டர் இருக்கும் நேரத்தில் அது நடக்காது. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. திட்டுகிற நர்ஸின் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். பேச்சு நின்றுவிடும்.

அவர் ஒரு கர்ப்பிணியைப் பரிசோதிக்கிற விதத்தை இப்போது நினைத்தாலும் கண்முன் வருகிறது. முதலில் கையைக் கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். “கை வைக்கட்டுமாம்மா?” என்று கேட்பார். கூலிக்காரப் பெண்ணானாலும் கலெக்டர் வீட்டுப் பெண்ணானாலும் கேட்காமல் தொட மாட்டார். வயிற்றில் கையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வலி வந்து, ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும்வரை அந்தக் கை நகராது. வலி இறங்கியதும்தான் பேசுவார்.

பிறகு ஒரு சின்ன உலோகக் குழலை வயிற்றில் பொருத்திக் காதை வைப்பார். மெஷினெல்லாம் வந்த பிறகும் அவருக்கு அதுதான். குழந்தையின் இதயத் துடிப்பு காதில் பட்டதும், அம்மாவின் உள்ளங்கையை விரித்து அதில் தன் விரலால் அதே வேகத்தில் தட்டிக் காட்டுவார். “இதோ, ஓடிண்டிருக்கு பாருங்கோ” என்பார். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் கத்தி நான் கேட்டதில்லை. தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் அந்த வார்டில் பல வருஷம் ஆனபிறகு, எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் புதிய கட்டடம் எழும்ப ஆரம்பித்தது. பிரசவத்துக்கென்றே தனிக் கட்டடம். வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வடக்கே ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்து ஆட்கள். சிமெண்டுத் தூசியோடு அவர்கள் முன்வாசல் வழியாகத் தண்ணீர் பிடிக்க வருவதும் போவதும் பணம் கட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ புகார் சொன்னார்கள். மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, லேபர் யார் வந்தாலும் முன்வாசலில் விடக்கூடாது, பின்வாசலுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வாட்ச்மேன் ராசு அண்ணன் முசிறிக்காரர். வாழைத்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், முதுகு முடியாமல் போய் இந்த வேலைக்கு வந்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

ஒருநாள் மத்தியானம். வெயில் நேரம். துவாக்குடிப் பக்கத்தில் ஒரு கட்டட வேலையிலிருந்து சரக்கு ஆட்டோ ஒன்று வந்தது. பின்னால் சாக்கு விரித்து அதில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். பெயர் பூல்மணி. நிறைமாதம். அன்று காலையில்கூடக் கலவைச் சட்டி தூக்கியிருக்கிறாள். திடீரென்று வயிறு இறுகி உதிரம் போக ஆரம்பித்ததும் புருஷன் சுக்ராம் அவளை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறான். வழியில் ஏதோ நெரிசலில் ஆட்டோ தெருமுனையில் நின்றுவிட, அவன் மட்டும் இறங்கி வாசலுக்கு ஓடி வந்திருக்கிறான். உடம்பெல்லாம் சிமெண்டு. தமிழ் தெரியாது. ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை சூப்பர்வைசர் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“லேபர்! லேபர்!” என்றானாம்.

ராசு அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். “லேபர்னா பின்னாடி கேட்டுப்பா. இந்தப் பக்கம் விடமாட்டாங்க. அப்படிச் சுத்திப் போ” என்று கையைக் காட்டியிருக்கிறார். அவனுக்குக் கை காட்டியது புரிந்தது. பிரசவத்துக்கு அந்த வாசல்தான் போலிருக்கிறது என்று நம்பி, ஓடிப்போய் ஆட்டோவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறான்.

பின்பக்கத் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ இன்னும் சுற்ற வேண்டியிருந்தது. வந்து பார்த்தால் சாப்பாட்டு நேரம் என்று கட்டட வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சுக்ராம் தகரக் கதவை அடித்த சத்தம் எங்கள் வார்டு ஜன்னல்வரைக்கும் கேட்டது. வேலைதான் நடக்கிறது என்று நினைத்தோம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கூலியாட்கள் ஓடிவந்து திறந்தார்கள். ஸ்ட்ரெச்சர் எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சாரப் பலகை ஒன்றில் அவளைப் படுக்கவைத்து, செங்கல் குவியலையும் ஜல்லியையும் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வார்டுக்குள் நுழையும்போது பலகையின் ஓரத்தில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் ஊசி போட நரம்பு தேடினேன். டாக்டரம்மாவைக் கூப்பிட ஆயா ஓடினாள். ரங்கநாயகி சிஸ்டர் கையைக் கழுவினார், தேய்த்துச் சூடாக்கினார். அந்த அவசரத்திலும் அதை விடவில்லை. பூல்மணியின் முகத்தைப் பார்த்துத் தலையை அசைத்து அனுமதி கேட்டார். அவளும் அசைத்தாள். வயிற்றில் கை வைத்த சிஸ்டரின் முகம் மாறியது. பிறகு நானும் தொட்டுப் பார்த்தேன். மரப்பலகை போல இருந்தது. இடைவெளியே இல்லாத இறுக்கம். குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டால் அப்படி ஆகும்.

சிஸ்டர் குழலை வைத்தார். இடது கையால் பூல்மணியின் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். குழலை நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார். பூல்மணி என்னவென்று தெரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரின் விரல் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை மெதுவாக மூடி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மாவைக் காப்பாற்றுகிற வேலை. இரத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் பலகை தூக்கி வந்தவர்கள் அப்படியே வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் பூல்மணிக்கும் முன்பின் பழக்கம் இல்லை. ஒரே ஊர்ப் பக்கம் என்பது மட்டும்தான்.

சாயங்காலம் அவள் பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. தலை நிறைய முடி.

அந்தக் காலத்தில் இறந்து பிறந்த குழந்தையை அம்மாவிடம் காட்ட மாட்டார்கள். மனசு கெட்டுவிடும் என்று துணியில் சுற்றி ஆம்பளைகளிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிஸ்டர் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். உயிரோடிருக்கிற குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரியே தலையைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“நூர்ஜஹான், நோக்குத்தான் அந்த பாஷை தெரியும். நீதான் சொல்லணும்.”

“என்னால முடியாது சிஸ்டர்.”

“யாராலயும் முடியாதுதான். சுத்தி வளைக்காதே. குழந்தை தூங்கறதுன்னு சொல்லாதே. சொல்லிட்டு அங்கேயே இரு. எழுந்து ஓடிடாதே.”

என் வீட்டு உருதுக்கும் அவளுடைய இந்திக்கும் பாதிதான் ஒட்டும். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தாள்.

“ஹோ கயா, தீதி?” என்றாள். ஆயிடுச்சா அக்கா என்று கேட்கிறாள்.

“ஆயிடுச்சு. பொண்ணு.” அதுவரை சொல்லிவிட்டேன். பிறகு, “பச்சி நஹீ ரஹி” என்றேன். பெண் குழந்தை இருக்கவில்லை, தங்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் மௌத்து விழுந்தால் அம்மா அப்படித்தான் சொல்வாள். அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெல்லிய குரலில் ஒன்று கேட்டாள். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள்.

“நான் சரியாச் செய்யலையா?”

வேலையைச் சரியாகச் செய்யவில்லையா என்று கேட்கிறாள். மேஸ்திரியிடம் கேட்கிற குரலில் கேட்கிறாள். நான் எத்தனையோ பெண்களுக்கு லேபர் என்று சொல்லியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அது வேலை என்று எனக்கு அதுவரை உறைத்ததில்லை. “நீ எல்லாம் சரியாத்தான் செஞ்சே. உன் மேல ஒரு தப்பும் இல்லை. ஒரு தப்பும் இல்லை” என்று எனக்குத் தெரிந்த உருதுவில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். சிஸ்டர் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மார்பில் வைத்தார். அப்போதுதான் அழுதாள். அந்த முடியை விரலால் கோதிக் கோதி அழுதாள். சிஸ்டர் சொன்னபடி நான் எழுந்து ஓடவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் காலையில் ஓயாமரி மயானத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோனார்கள். சுக்ராமோடு இரத்தம் கொடுத்த ஆட்கள் போனார்கள். ராசு அண்ணனும் போனார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. குழி வெட்டுகிறவரிடம் மண்வெட்டியை வாங்கித் தானே கொஞ்சம் வெட்டினாராம். சுக்ராமின் தோளில் கை வைத்தாராம். ஏதாவது சொல்லியிருந்தாலும் அவனுக்குப் புரிந்திருக்காது. சுக்ராம் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

முன்னாலேயே உள்ளே வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா? டாக்டரம்மாவிடம் கேட்டேன். “சொல்ல முடியாது சிஸ்டர். ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்” என்றார். இன்றுவரைக்கும் அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.

ஆனால் மேனேஜருக்குப் பதில் தேவைப்பட்டது. ராசு அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ரங்கநாயகி சிஸ்டர் மேனேஜர் அறைக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார்.

“அந்த மனுஷர் என்ன தப்பு பண்ணார்?” என்றார்.

“வாசல்ல நிக்கிறவனுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா சிஸ்டர்? ஒரு உயிர் போயிருக்கு. யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணுமில்ல?”

“ஏத்துக்கணும். லேபரைப் பின்வாசலுக்கு அனுப்புன்னு உத்தரவு போட்டவாளைக் கூப்பிடுங்கோ. அவா ஏத்துக்கட்டும்.”

மேனேஜர் மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். “நான் சொன்னது கூலியாளுங்களைத்தான்” என்றார்.

“அவளும் கூலியாள்தான். நீங்க சொன்ன லேபரும் அவதான், நான் பாக்கற லேபரும் அவதான். எந்த வாசல் வழியா வரணும் அவ?”

சிஸ்டர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பின்வாசல் உத்தரவு அன்றைக்கே எடுக்கப்பட்டது. ராசு அண்ணனை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. சொல்லிக்கொண்டு போக வார்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“அந்தப் பொண்ண ஒருதரம் பாக்கலாமான்னு வந்தேங்கம்மா. வேணாம். என் மூஞ்சியப் பாத்து அதுக்கு என்ன ஆகப்போவுது” என்று சொல்லிவிட்டு முசிறி பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பூல்மணி அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால் உடம்பு கொஞ்சம் தேறியதும் சுக்ராம் துவாக்குடி வேலையை விட்டுவிட்டு எங்கள் புதுக்கட்டடத்திலேயே சேர்ந்துவிட்டான். அவளும் சேர்ந்தாள். ஒருநாள் வார்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே சாரத்தில் கலவைச் சட்டியோடு ஏறிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போனேன்.

“உடம்பு இருக்கிற நிலைமையில இங்கே என்ன செய்றே? ஊருக்குப் போக வேண்டியதுதானே?”

அவள் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். “பொண்ணு இந்த ஊர்லதானே இருக்கா தீதி” என்றாள். “நானும் போயிட்டா அவளுக்கு இங்கே யாரைத் தெரியும்?”

அதற்குப்பின் நான் அவளை ஊருக்குப் போ என்று சொல்லவில்லை. கட்டடம் முடிகிறவரைக்கும் இருந்தாள். ரங்கநாயகி சிஸ்டர் போகும்போதும் வரும்போதும் அந்தச் சாரத்தை அண்ணாந்து பார்ப்பார். அவளும் மேலேயிருந்து தலையை அசைப்பாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது.

கட்டட வேலை முடிந்தால் கூலியாட்கள் போய்விட வேண்டும். காண்ட்ராக்டர் அடுத்து கோயமுத்தூர்ப் பக்கம் வேலை எடுத்திருந்தார். போவதற்கு முதல் நாள் பூல்மணி வார்டுக்கு வந்தாள். குளித்து, தலைசீவி, புதுப்புடவை கட்டியிருந்தாள். புதுக்கட்டடத்தை உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். திறப்புவிழாவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. யாரையும் விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சிஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பெயிண்ட் வாசனை போகாத பிரசவ அறை. நடுவில் புது மேஜை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பூல்மணி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். சுவரோரமாக நடந்தாள். ஓரிடத்தில் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இந்தச் சுவருக்குத் தான்தான் கலவை சுமந்தது என்று என்னிடம் சொன்னாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்றார் சிஸ்டர்.

“இங்கே எந்தக் குழந்தையும் சாகக்கூடாதுங்கிறா.”

சிஸ்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சரி என்று சொல்லு என்று எனக்குக் கையைக் காட்டினார். நான் சொன்னேன். பூல்மணி சிஸ்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெளியே நின்ற சுக்ராமோடு முன்வாசல் வழியாகப் போனாள்.

அடுத்த வருஷம் ரங்கநாயகி சிஸ்டர் ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை. அவர் இடத்துக்கு நான் வந்தேன். புது வாட்ச்மேன்களை நிறுத்தி வைத்து, லேபர் என்றால் என்ன என்று கேட்டு, யார் வந்து அப்படிச் சொன்னாலும் முதலில் வண்டி எங்கே நிற்கிறதென்று பார்த்து அதற்குள் எட்டிப்பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். திவ்யா கேள்விப்பட்டது அதைத்தான்.

அந்த அறையில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். எத்தனையோ குழந்தைகள் பிறந்தன. பிறந்த சத்தத்தில் அறையே நிறைந்துபோகும். சில குழந்தைகள் இறந்தன. எல்லாம் சரியாகச் செய்தும் இறந்தன. அந்த மாதிரி நாட்களில் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எழுந்து ஓடாமல் இருப்பேன். அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்குச் சரி என்று சொன்னேனே, பூல்மணியிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.